சுவர் பார்க்க வந்தவர்

அவரோடு நடந்தால் ஒரு மைல் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். வழியில் மருதமரம் நின்றால் அவரும் நிற்பார். பூவரசு நின்றாலும் நிற்பார். பழைய சுவரைக் கண்டால் குந்தியே விடுவார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பார். எதிரே வருகிறவர்கள் ஸலாம் சொன்னால் காதில் விழாது. நெல் ஏற்றிய வண்டிகள் அவரைச் சுற்றிப் போகும். ஒருமுறை ஒரு நாய் பக்கத்தில் வந்து நின்று, அவர் பார்த்ததையே தானும் கொஞ்ச நேரம் பார்த்து, தின்னக்கூடிய சாமான் இல்லை என்று கண்டு போய்விட்டது. அந்த நாய்க்கு இருந்த அறிவு எனக்கு இருக்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் பார்த்தது மரத்தையும் அல்ல, சுவரையும் அல்ல. அவற்றின்மேல் படிந்திருக்கும் பொருக்கை. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று வெளிறிய பச்சை, இன்னொன்று அம்மியில் அரைத்த மஞ்சள் தெறித்த மாதிரி. வட்டம் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கல்முனைப் பக்கத்தில் அதற்கு ஒழுங்கான பேர் கிடையாது. சிலர் மரத்தேமல் என்பார்கள், சிலர் காகத்தின் எச்சம் என்பார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. அவர் கற்பாசி என்பார், பிள்ளைக்குப் பேர் வைத்த தகப்பனைப் போல.

அப்போது ஐம்பதுகளின் தொடக்கம். மலேரியாவுக்கு மருந்தடிக்கும் கோஷ்டி ஒன்றை மேற்பார்வை பார்க்கும் ஓவசியர் அவர். நான் அந்தக் கோஷ்டியில் மருந்துப் பம்பு தூக்கினேன். அதற்கு முன் சம்மாந்துறையில் நெல்லாலை ஒன்றில் மூட்டை தூக்கினேன், மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றினேன், கரைவலை இழுத்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மற்ற வேலைகளை நானே விட்டேன். பம்பு தூக்குகிற வேலையில் ஊர் ஊராக நடக்கலாம், ஏதாவது ஒரு வீட்டில் தேத்தண்ணி கிடைக்கும் என்று சேர்ந்தேன். நடக்கத்தான் கிடைத்தது, அதுவும் இந்த மனிதரோடு.

அவர் கண்டிப் பக்கத்து ஆள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாளராக இருந்தாராம். தோட்டத்துத் துரைக்குப் பாறையில் படியும் பொருக்குகளைச் சேகரிக்கிற பைத்தியம். துரை கப்பலேறும்போது பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டு, பூதக்கண்ணாடியையும் பைத்தியத்தையும் இவரிடம் விட்டுவிட்டுப் போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கலியாணம் கட்டவில்லை. “ஏன்?” என்று ஒருநாள் கேட்டேன். அதை யாரும் நினைவூட்டவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

வெயில் காலத்தில் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரில் கொஞ்சம் கையில் ஏந்தி, காய்ந்துகிடக்கும் பொருக்கின்மேல் தெளிப்பார். பிறகு காத்திருப்பார். சாம்பலாகக் கிடந்தது மெல்ல மெல்லப் பச்சையாகும். “பாருங்க, கண்ணைத் தொறக்கிது” என்பார். அது கண்ணைத் திறப்பதற்கும் எனக்குத் தாகத்தில் கண் இருட்டுவதற்கும் சரியாக இருக்கும். சம்மாந்துறை வயல் வரம்பில் ஒரு பங்குனி வெயிலில் எங்கள் போத்தலில் கடைசியாக இருந்த தண்ணீரை ஒரு வம்மி மரத்துக்குக் குடிக்கக் கொடுத்த மனிதர் அவர்.

இதெல்லாம் தாங்கலாம். அவருடைய உண்மைதான் தாங்க முடியாதது. பொருக்கு வருஷத்துக்கு எவ்வளவு வளரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் எந்தச் சுவருக்கும் வயது சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஒரு ஆலை முதலாளி வீட்டுக்கு மருந்தடிக்கப் போனோம். அன்று அங்கே அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணோடுதான் போகும். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைவிடச் சுவரைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். முதலாளி அவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தார்.

“இது எங்கட மூத்தவாப்பா கட்டின கிணறு. நூறு வருஷத்துக்கு மேல இரிக்கும். பரம்பரை வளவு பாருங்க.”

“பன்னிரண்டு” என்றது ஒரு குரல். எங்கள் ஓவசியர் கிணற்றுக்கட்டில் மூக்கை வைத்திருந்தார்.

“என்னது?”

“கட்டு. பன்னிரண்டு வருஷம், கூடினாப் பதின்மூணு. பொருக்கு இப்பதான் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசா ஈக்கிது.”

மாப்பிள்ளையின் மாமா குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து தன் ஆட்களைப் பார்த்தார். அடுப்படியில் நெய்ச்சோறு இறங்கியிருந்தது. எங்களுக்கும் சாப்பாடு என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். நாங்கள் வாசனையோடு வெளியே வந்தோம். வாசனை மட்டும்.

“ஆரும் ஒங்களிட்டக் கேட்டாங்களா?” என்றேன், வழியில்.

“பன்னிரண்டு வருஷக் கிணத்துல என்ன குறை? தண்ணி நல்லாத்தானே ஈக்கிது” என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த சுவர் சாய்ந்தமருதில் இருந்தது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நெஞ்சளவுச் சுவர். ஒரு பக்கம், ஊர் வயலில் பாதிக்குச் சொந்தக்காரரான போடியார் ஒருவரின் தென்னந்தோட்டம். மறுபக்கம் ஆசியா உம்மா என்ற விதவைப் பெண்ணின் வளவு: ஒரு ஓலை வீடு, ஒரு கிணறு, பதினொரு தென்னை. அவளுடைய வளவுக்குள்ளால், சுவரோரமாக, கடற்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. சுவரின் அவள் பக்கத்தில், தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசு அளவில் ஒரு பொருக்கு இருந்தது. கடற்கரை முழுவதிலும் அவ்வளவு பெரிய வட்டம் இல்லை என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அங்கே போய் நின்றுவிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சிலால் அதன் ஓரத்தை வரைந்து கொப்பியில் ஒட்டிக்கொள்வார். ஏழு வருஷம் அப்படிச் செய்தார். ஏழு வருஷத்தில் அந்த வட்டம் ஓரத்தில் ஒரு நெல்லின் நீளம் வளர்ந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் பேரப்பிள்ளை நடந்துவிட்டதோ என்று தோன்றும்.

விதவை ஒருத்தியின் வளவில் கட்டைப் பிரமச்சாரி ஒருவர் வாரம் தவறாமல் வந்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊருக்குப் பொருக்குத் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். தேத்தண்ணிக் கடையில், விதவை இருக்கும் இத்தாவையும் மாப்பிள்ளை கொடுக்கும் மஹரையும் சுவருக்கே வைத்துப் பேச்சு நடக்கும்.

“ஓவசியர் இண்டைக்கும் சுவர் பாக்கப் போறார்கா.”

“சுவருக்கு இத்தா முடிஞ்சி எத்தின வருஷம்?”

“அது எப்பவோ முடிஞ்சி. மஹர்தான் இன்னும் பேசல்லயாம்.”

ஆசியா உம்மாவின் தம்பி காதர் கடலுக்குப் போகிறவன். கை முந்தும், வாய் பிந்தும் ஆள். ஒரு வெள்ளிக்கிழமை துடுப்போடு வந்து ஓவசியருக்குப் பின்னால் நின்றான்.

“ஓய்! என்ட ராத்தாட வளவுக்க என்ன பாக்கிறாய்?”

இவர் திரும்பவில்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது” என்றார்.

காதர் தள்ளி நின்றான். “அடிக்க வந்தவன் ஒதுங்கி நிண்டன் மச்சான்” என்று பிறகு என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். “நிழலுக்கு இடம் குடுத்திட்டு, துடுப்பையும் தூக்கிக்கொண்டு போயிட்டன்.”

அந்த வருஷம் மாரிமழை முடிந்ததும் போடியார் ஒரு கதையைக் கிளப்பினார். சுவர் எல்லையே இல்லை, மாடு வராமல் இருக்கத் தானே தன் காணிக்குள் ஒன்பது வருஷத்துக்கு முன் கட்டியது, உண்மையான எல்லை ஆசியா உம்மாவின் வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூவரச வேலி என்றார். அதாவது வீடு, கிணறு, பதினொரு தென்னை எல்லாம் அவருடையவை. அவள் மூன்று மாதத்தில் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். ஆசியா உம்மாவின் காணி உறுதிப் பத்திரத்தைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. சுவரை அவளுடைய உம்மாவின் உம்மா காலத்தில் கட்டியது என்று சொல்ல ஊரில் பல பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் போடியாரின் வயலில் வேலை செய்தார்கள். மறதி தொற்றுநோய், அதற்கு எங்களிடம் மருந்து இருக்கவில்லை.

ஓவசியரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்ற யோசனை என்னுடையதுதான். சுவர் ஒன்பது வருஷம் என்றால் அதில் பீரிசு அளவு பொருக்கு வர முடியாது, அறுபது எழுபது வருஷமாவது வேண்டும். காதர் சந்தோஷத்தில் என் முதுகில் அடித்தான். இரண்டு நாள் பம்பு தூக்க முடியவில்லை. காணித் தகராறுகளை விசாரிக்கும் காரியாதிகாரிக்கு ஓவசியரே மனு எழுதினார். மனுவில் மூன்று பக்கம் பொருக்கு. ஆசியா உம்மாவைப் பற்றி ஒரு வரி: ‘மேற்படி சுவருக்குப் பக்கத்தில் ஒருவர் குடியிருக்கிறார்.’

மனுவை வாசித்த காரியாதிகாரி, வரும் சனிக்கிழமை தானே நேரில் வந்து அந்த வட்டத்தைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஓவசியர் அப்போது கந்தோர் வேலையாக மட்டக்களப்புக்குப் போயிருந்தார். சனிக்கிழமை காலை பஸ்ஸில்தான் வருவார்.

ஒரு பெரிய மனிதர் வீடு தேடி வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? பெருநாளுக்குச் செய்வதை, கலியாணத்துக்குச் செய்வதை, கந்தூரிக்குச் செய்வதைத்தான் செய்வோம். ஆசியா உம்மாவின் மாமிதான் முதலில் தொடங்கினார். “பெரிய ஐயா வாற வளவு இப்பிடியா இரிக்கிற? சுவரப் பாருங்க, குஷ்டம் பிடிச்ச மாதிரி. மானம் போயிரும்கா!” வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் இறங்கினார்கள். பெண்கள் பொச்சுமட்டையால் சுவரைத் தேய்த்தார்கள். காதர் சூளையிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்தான். நான் கரைத்தேன். பீரிசு அளவு வட்டத்தை நானே இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தேன்; மற்ற இடங்களைவிட அது கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, சுவர் பளிச்சென்று வந்தது. இறைச்சியும் சோறும் போட்டார்கள். எங்கள் சாட்சியைத் தேய்த்துக் கழுவி வெள்ளை அடித்ததற்கு நான் வாங்கிய கூலி அது. வயிறு நிறைந்திருந்ததால் யோசனை வரவில்லை.

சனிக்கிழமை காலை ஓவசியர் வந்தார். பாதையில் நின்றார். வெயிலில் சுவர் கண்ணைக் கூச வைத்தது.

“எங்க?” என்றார்.

நாங்கள் எல்லாரும் அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். காதர் என்னைப் பார்த்தான். நான் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தேன். மாமி வாயில் முக்காட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஓவசியர் கிட்டப் போய், வட்டம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கை வெள்ளையானது. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரியாதிகாரி வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், சிரிக்காத முகம். அவருக்குப் பின்னாலேயே குடையோடு போடியார்.

“இதுதானா அந்தப் பழைய சுவர்?” என்றார் காரியாதிகாரி.

“ஐயாவே பாருங்க” என்றார் போடியார். “பழைய சுவர் இப்பிடியா இரிக்கும்? நேத்துக் கட்டின மாதிரி இரிக்கி. நான் ஒன்பது வருஷம் எண்டு கூட்டித்தான் சொல்லிட்டன் போல.”

ஓவசியர் கொப்பியை நீட்டினார். ஏழு தாள், ஏழு வட்டம். காரியாதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். போடியார் எட்டிப் பார்த்தார்.

“தேத்தண்ணிக் கோப்பை வச்ச அடையாளம் ஐயா. எங்கட ஊட்டு மேசையிலயும் நிறைய இரிக்கி.”

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். ஓவசியர் கொப்பியை வாங்கிக்கொண்டு, அனுமதி கேட்காமல் சுவரில் ஏறிப் போடியாரின் தோட்டத்துப் பக்கம் குதித்தார். காரியாதிகாரி சுற்றிக்கொண்டு போனார், நாங்களும் போனோம். அந்தப் பக்கத்தை நாங்கள் தொடவில்லை. ஆனால் அங்கேயும் பொருக்கு இல்லை. கறுத்துப்போன சுவரில், பொருக்கு இருந்த இடமெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்த வெளிறிய தழும்புகள். வட்டம் வட்டமாக, கொத்துக் கொத்தாக, சில பீரிசைவிடக் கொஞ்சம்தான் சின்னவை. நாங்கள் மரியாதைக்குச் செய்ததைப் போடியார் காரியமாகச் செய்திருந்தார்.

“ஒன்பது வருஷச் சுவர் எண்டீங்க” என்றார் ஓவசியர். “பச்சப் புள்ளைக்குச் சவரம் எதுக்கு?”

“அது... ஆடு உரஞ்சினது.”

“வட்டமா உரஞ்சிற ஆடா?” என்று கேட்டார் காரியாதிகாரி. இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் போடியாரின் முகம் மாறிவிட்டது. அவர் குடையை மடக்கினார்.

“ஐயா, சொல்லக் கூடாத கதை ஒண்டு இரிக்கி. இந்தாள் சொல்றதை எப்பிடி எடுக்கிற? இவர் இஞ்ச வாறது சுவருக்கா? ஊரிலக் கேளுங்க. ஏழு வருஷமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. ஆம்புள இல்லாத ஊடு. அவளுக்காக இவர் கோப்பையால வட்டம் கீறுவார், கொப்பியும் எழுதுவார்.”

காதரின் கை இடுப்பில் செருகியிருந்த கத்திக்குப் போனது; நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காணி போவது ஒன்று. இந்தப் பேச்சு காரியாதிகாரியின் காகிதத்தில் ஏறினால் ஆசியா உம்மாவுக்குக் காணியும் போகும், பேரும் போகும்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று ஓவசியரைக் கேட்டார் காரியாதிகாரி.

மானமுள்ள மனிதன் என்றால் கோபப்படுவான். ‘அவ என்ட கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி’ என்பான். இவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, கிணற்றுக்கட்டுக்கு வயது சொன்ன அதே குரலில் சொன்னார்:

“நான் அந்த மனிசியப் பாத்ததே இல்ல ஐயா. ரோட்டில கண்டா அடையாளம் தெரியாது. பாக்கிறதுக்கு இந்தச் சுவர் ஈக்கக்குள்ள, நான் ஏன் மத்தப் பக்கம் பாக்க?”

போடியார் வாயைத் திறந்தார். அதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம், ஓலை வீட்டின் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. சத்தமாக, நடுக்கமில்லாமல்.

“ஐயா, அந்தாள் சொல்றது மெய். ஊர் கதைச்சதக் கேட்டு எனக்கும் பயம்தான். மெய்யா பொய்யா எண்டு பாக்க ஒருநாள் வேணுமெண்டே வாளியக் கிணத்துக்க போட்டன். கயித்தோட. அந்தாள் கிறுகித் திரும்பியும் பாக்கல்ல. மறுகா ‘அல்லாவே’ எண்டு கத்தியும் பாத்தன். ‘என்ன சத்தம்’ எண்டுகூடக் கேக்கல்ல. ஏழு வருஷமா நான் அந்தாள்ட முதுகத்தான் பாத்திரிக்கன். இதுக்கு மேல என்ன சத்தியம் வேணும்?”

காதர் நிலத்தைப் பார்த்தான். போடியாரின் ஆட்களும் நிலத்தைப் பார்த்தார்கள். தன்னை ஒருவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று நாலு ஆம்பிளைகளுக்குக் கேட்கச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் ஆசை இருக்காது. காரியாதிகாரிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, பேனையின் மூடியைக் கழற்றினார்.

“சாட்சிக்குப் பட்சபாதம் இல்லை” என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார். “சுவர் பழசு. சுவர்தான் எல்லை.” பிறகு போடியாரிடம், “ஆட்டைக் கட்டி வையுங்கோ” என்றார்.

அவ்வளவுதான். காரியாதிகாரி போனார். போடியார் குடையை விரிக்க மறந்து வெயிலில் போனார். மாமி அழுதுகொண்டே சோறு கொண்டுவந்தார். எல்லாரும் சாப்பிட்டோம். ஓவசியர் பாயில் இருந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். இடையில் ஒருமுறை “எழுபது வருஷம்” என்று முணுமுணுத்தார். வீடு தப்பியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவரிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

திரும்பும்போது சுவரோரப் பாதையால் நடந்தோம். அன்று முதன்முறையாக அவர் எங்கும் நிற்காமல் நடந்தார். பாதை முடிகிற இடத்துக்கு வந்ததும், எதையோ கணக்குப் பார்த்தவர் போலக் கேட்டார்:

“கதவுக்குப் பின்னால கதைச்சது ஆரு?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அந்தச் சுவர்தான்” என்றேன்.

அவர் நின்றார். திரும்பினார். வாசலில் ஒரு பெண், முக்காட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்தபடி நின்றாள். அவள் உள்ளே போகவில்லை. அவரும் நகரவில்லை. ஒரு பொருக்குக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது அங்கே போயிருக்கும்.

“அங்க ஆள் ஈக்கிறாங்களே” என்றார் அவர்.